அப்டேட் மெயில் யாருக்குப் போகிறது? பெங்களூரில் வெப் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. மடிவாளாவில் சேலம் பஸ் ஏறி, அத்திப்பள்ளி டோல்கேட்டைக்கூடத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. சிக்பேட்டையில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் கிளையண்ட். "சார், ஆஃபர் இருபது பர்சென்ட். சைட்ல இன்னும் பத்துன்னே காட்டுது." ஒரே ஒரு எண்ணை மாற்றும் வேலை. பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து மாற்றி அனுப்பினேன். பில்ட் (தளத்தைத் தயாரித்து ஏற்றும் வேலை) சிவப்பு, அதாவது தோல்வி. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் சிவப்பு. எங்கள் கோடில் ஒரு தவறும் இல்லை. அந்தத் தளம் பயன்படுத்திய நோட் (கணினியில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) பழைய பதிப்பை ஹோஸ்டிங் நிறுவனம் அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தது. ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ராத்திரி ஒன்றரை மணி வரை பேக்கேஜ்களோடு (பிறர் எழுதி நாம் இறக்கிப் பயன்படுத்தும் கோட் தொகுப்புகள்) மல்லுக்கட்டினேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் விசாரித்தோம். ஆறு மாதத்தில் நான்கு முறை அந்த நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. நான்கும் போன வருடமே வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்கு. எங்கள் டீமில் கோலார் தங்கவயலிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். "மெயில் கரெக்டாத்தான் வந்திருக்கு தம்பி, ஆளுதான் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் பழக்கமாக்கிக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு, நம்மிடம் இருப்பதில் எது போகப்போகிறது என்று தெரிந்துகொள்வது வேறு. வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் முதலாவதற்குப் பயந்து ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறோம். அதில் ஆறு மாதம் பின்தங்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டாவதில் பின்தங்கினால் ஓசூரில் இறங்க வேண்டிவரும்.

1. முதல் வாரமே ஒரு பதிவேடு போடுங்கள்

தேவைப்படுவது அரை நாள், ஒரு சாதாரண ஷீட். விசேஷக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் ஒரு சேவை அல்லது ஒரு முக்கியக் கருவி. சேவையின் பெயர், எந்த மெயிலில் பதிவு செய்தது, எந்தக் கார்டில் பணம் போகிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், இப்போது ஓடும் பதிப்பு எது, அந்தப் பதிப்புக்கு ஆதரவு எப்போது முடிகிறது, ரிலீஸ் நோட்ஸ் (புதுப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு) எங்கே இருக்கிறது, இது நின்றால் எது நிற்கும். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம். நின்றால் வாடிக்கையாளர் பணம் கட்ட முடியாது என்றால் சிவப்பு நிறம் கொடுங்கள். ஆபீஸ் சாட்டில் ஒரு பொம்மை வராமல் போகும் என்றால் அதற்கு வரியே தேவையில்லை.

தகவலைத் திரட்ட நான்கு இடங்களைப் பாருங்கள். பேக்கேஜ்களின் பட்டியல் இருக்கும் பேக்கேஜ் டாட் ஜேசன் கோப்பு, சர்வரின் என்விரான்மென்ட் மாறிகள் (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்புகள்), டொமைன் எந்தச் சர்வருக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள், அப்புறம் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரின் மேஜை. முதல் மூன்றும் எல்லோருக்கும் தோன்றும். நான்காவதில்தான் புதையல் இருக்கிறது. "போன 12 மாத கார்டு ஸ்டேட்மென்ட் வேணும்" என்று கேளுங்கள். மூன்று மாதம் போதாது, ஏனென்றால் டொமைன் போன்றவை வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். எங்கள் ஸ்டேட்மென்ட்டில் யாருமே பயன்படுத்தாத இரண்டு சேவைகளுக்கு ஒன்றரை வருடமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. அவற்றை நிறுத்தியதில் மிச்சமான தொகையைச் சொல்லித்தான், இந்த வேலைக்கு வாரம் அரை மணி நேரம் மேலாளரிடம் கேட்டு வாங்கினேன்.

ஒரு எச்சரிக்கை: பாஸ்வேர்டையும் ஏபிஐ சாவியையும் இந்த ஷீட்டில் எழுதாதீர்கள். "எந்த பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கிறது" என்பது மட்டும் போதும்.

எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பும் தளம் என்றால் இந்தியாவுக்கே உரிய ஒரு வரியையும் ஷீட்டில் சேர்க்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி அந்த எஸ்எம்எஸ்ஸின் வாசகம் மொபைல் ஆபரேட்டர்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் டெம்ப்ளேட்டாகப் பதிவாகியிருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்குள் லிங்க் இருந்தால் அதையும் பதிய வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். கோடில் வாசகத்தை அழகாக்குகிறேன் என்று இரண்டு சொல்லை மாற்றினால் மெசேஜ் போகாது. உங்கள் பக்கம் எரர் எதுவும் தெரியாமலும் போகலாம். டெம்ப்ளேட் யார் பெயரில், எந்த ஆபரேட்டரிடம் பதிவாகியிருக்கிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

2. மெயில் முகவரியைச் சரிசெய்யுங்கள்

எல்லாச் சேவைகளையும் தனிநபர் மெயிலிலிருந்து பொது மெயிலுக்கு மாற்றுங்கள். குறைந்தது இரண்டு பேர் படிக்கிற முகவரியாக அது இருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனாலும் இன்னொருவர் பார்ப்பார்.

பொறி இதில்தான் இருக்கிறது. டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளரின் பெயரையோ மெயிலையோ மாற்றினால், புது முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் வரும். 15 நாளுக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் டொமைனையே நிறுத்திவைக்கலாம். அந்த மெயில் ஸ்பேமில் விழுவது சகஜம். மாற்றிய அன்றே தேடிப் பிடித்து அழுத்துங்கள். இன்னொன்று, பொது மெயில் முகவரியை அதே டொமைனில் வைத்துக்கொண்டு, டொமைன் கணக்கையும் அதே முகவரியில் பதியாதீர்கள். டொமைன் போனால் மெயிலும் போகும். மீட்கும் லிங்க் எங்கே வரும்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

3. ஆதரவு முடியும் தேதிகளைக் காலண்டரில் ஏற்றுங்கள்

மென்பொருள் திடீரென்று சாவதில்லை. பெரும்பாலான கருவிகள் நாள் குறித்துவிட்டுத்தான் போகின்றன. அந்த நாள்களை முன்கூட்டியே எடுத்து எழுதுவதுதான் வேலை.

நோட் ஜேஎஸ்: இத்தனை வருடமாக இரட்டைப்படை எண் கொண்ட பதிப்புகள்தான் அக்டோபரில் நீண்டகால ஆதரவுக்குள் போய்வந்தன. 18-க்கு ஆதரவு 2025 ஏப்ரல் 30-ல் முடிந்தது. 20-க்கு 2026 ஏப்ரல், 22-க்கு 2027 ஏப்ரல், 24-க்கு 2028 ஏப்ரல். நீண்டகால ஆதரவுக்குள் போகாத பதிப்பைக் கிளையண்ட் வேலையில் போடாதீர்கள். அறிவித்த தேதியே முன்னால் வந்ததும் உண்டு. நோட் 16-ஐ, அது நம்பியிருந்த குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 முடியும் நாளோடு ஒத்துப்போகவைக்க 2023 செப்டம்பருக்கே இழுத்துவிட்டார்கள். அதனால் கெடுவுக்கு மூன்று மாதம் முன்னால் நினைவூட்டல் வையுங்கள்.

பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி): ஒரு பதிப்புக்கு இரண்டு வருடம் முழு ஆதரவு, அடுத்த இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 8.1 முடிந்தது 2025 டிசம்பர் 31. 8.2-க்கு 2026 டிசம்பர் 31, 8.3-க்கு 2027 டிசம்பர் 31. வேர்ட்பிரஸ் தளங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

டேட்டாபேஸ்: போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து வருடம் பார்த்துக்கொள்கிறது. க்ளவுடில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே காசும் சேர்கிறது. அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஆதரவு முடிந்த மைஎஸ்க்யூஎல் 5.7-ஐ ஓட்டிக்கொண்டிருந்தால் 2024 மார்ச் முதல் நீட்டிப்புக் கட்டணம் என்று மணிக்கணக்கில், பிராசஸர் எண்ணிக்கைப்படி பில்லில் ஏறும். தளம் நன்றாக ஓடும், பில் மட்டும் வீங்கும்.

எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தோடு பாதுகாப்பாகப் பேசலாம் என்று பிரவுசருக்குக் காட்டுவது): இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், வருகிற வருடங்களில் பலரை இது கவிழ்க்கப்போகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் 90 நாள் சான்றிதழ் முடியப்போகும்போது முன்பு மெயில் வரும். 2025 ஜூன் 4-லிருந்து அந்த மெயிலை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்கி கையால் மாட்டுகிறவர்களுக்கும் வழி குறுகுகிறது. ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதாவது கையால் மாட்டும் பழக்கமே இனி ஓடாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அது நின்றுபோனால் கத்தும் கண்காணிப்பு ஒன்றைத் தனியாக வையுங்கள். புதுப்பித்தல் நடந்தும் வெப் சர்வரை ரீலோட் செய்ய மறந்ததால் பழைய சான்றிதழே போய்க்கொண்டிருந்த கூத்து எங்களுக்கு நடந்திருக்கிறது.

இந்தத் தேதிகளை ஒவ்வொரு தளமாகப் போய்த் தேட வேண்டாம். எண்ட் ஆஃப் லைஃப் டாட் டேட் என்ற தளத்தில் நூற்றுக்கணக்கான கருவிகளின் கெடு ஒரே இடத்தில் இருக்கிறது. காலண்டரில் ஏற்றும் முன் கருவியின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆன்லைன் சேவைகள் தரும் நோட்டீஸ் காலம் ஒரே மாதிரி இருக்காது. ஹோஸ்டிங் சேவையான ஹெரோகு இலவசத் திட்டத்தை நிறுத்தப்போவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்து நவம்பர் 28-ல் நிறுத்தியது, சுமார் மூன்று மாதம்தான். கூகுளின் லிங்க் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸுக்கு 2025 ஆகஸ்ட் 25 கடைசி நாள் என்று சுமார் இரண்டு வருட அவகாசம் கிடைத்தது. குறைந்தபட்சமான மூன்று மாதத்தையே உங்கள் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம் போகும் வழியைப் பாருங்கள்

வெளிநாட்டுச் சேவைகளுக்கு இந்தியக் கார்டில் மாதாமாதம் பணம் போவது, பார்க்கும் அளவுக்கு எளிதல்ல. ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பிடித்தம் பற்றிய விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் சொல்ல வேண்டும். ஒரு பிடித்தம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். க்ளவுட் பில் 14,000-த்திலிருந்து 16,000-த்துக்கு ஏறிய மாதம் ஓடிபி யாருடைய போனுக்குப் போகும்? எங்கள் முதலாளி அந்த நேரத்தில் திருப்பதியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், போனை வெளியே கவுண்டரில் கொடுத்துவிட்டு.

இதற்கு மூன்று முன்னேற்பாடுகள். முடிந்த இடத்தில் இரண்டாவது கார்டையும் சேர்த்துவையுங்கள். கார்டு காலாவதியாகும் மாதத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். ரூபாயில் பில் தரும் வசதி, பேங்க் டிரான்ஸ்ஃபர் அல்லது யூபிஐ வசதி இருக்கிறதா என்று சேவையின் பில்லிங் பக்கத்தில் தேடுங்கள்.

செலவுக் கணக்கும் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு நிற்காது. மாதம் 20 டாலர் சேவை என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி எண் கொடுக்காவிட்டால் அதன்மேல் 18 சதவீதம் சேர்ந்து 23.60 டாலர். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் 2,124 ரூபாய். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் இன்னொரு 74 ரூபாய், அந்தக் கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டி 13 ரூபாய். 1,800 என்று நினைத்தது சுமார் 2,210-ல் வந்து நிற்கும். நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணைப் பில்லிங் விவரத்தில் பதியுங்கள். வரியை நிறுவனமே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்டும், மீதியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பதியத் தேவையானவை ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள சரியான பெயர், முகவரி, எண். ஒரு எழுத்து மாறினாலும் ஆடிட்டர் போன் பண்ணுவார்.

சின்னச் சின்ன விலை மாற்றங்களுக்கும் கண் வேண்டும். அமேசான் வெப் சர்வீசஸ் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரின் எண் முகவரி) மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 30 நாளுக்கு 3.60 டாலர். சும்மா கிடக்கும் ஐந்து முகவரிகள் இருந்தால் மாதம் 18 டாலர். அதே நிறுவனத்தில் 2025 ஜூலை 15-க்குப் பிறகு திறக்கும் புதுக் கணக்குகளுக்கு பழைய 12 மாத இலவசத் திட்டம் கிடையாது. கிரெடிட்டும் ஆறு மாதக் கெடுவும்தான். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து "ஒரு வருடம் ஃப்ரீ" என்று நம்பிக் கற்கத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பட்ஜெட் அலர்ட் போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். அது மணி அடிக்கும், குழாயை மூடாது. அந்த மணியும் சில மணி நேரம் தாமதமாகத்தான் அடிக்கும்.

5. செய்தி வரும் வாய்க்கால்களைக் குறையுங்கள்

பதிவேட்டில் உள்ளவற்றுக்கு மட்டும் செய்தி வாங்குங்கள். கிட்ஹப்பில் ஒரு கருவியின் பக்கத்துக்குப் போய் வாட்ச் பொத்தானில் கஸ்டம் என்பதை எடுத்து ரிலீசஸ் மட்டும் தேர்ந்தால், விவாதக் குப்பை இல்லாமல் வெளியீடு மட்டும் மெயிலில் வரும். சேவைகளின் ஸ்டேட்டஸ் பக்கங்களுக்குப் பொது மெயிலிலிருந்து சந்தா போடுங்கள். வாராந்திரச் செய்திமடல் ஒன்றே ஒன்று போதும். நான் ஒரு காலத்தில் பதினொன்று வைத்திருந்தேன். பதினொன்றும் ஒரே செய்தியைச் சொன்னது.

ரிலீஸ் நோட்ஸைக் கதைபோல மேலிருந்து கீழே படிக்காதீர்கள். பிரேக்கிங் சேஞ்ச் (பழைய கோடை உடைக்கும் மாற்றம்), டெப்ரிகேட்டட் (கைவிடப்போவது), செக்யூரிட்டி, இந்த மூன்று தலைப்புகளைத் தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் மூடிவிடலாம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வரும் அறிவிப்பு நமக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரைக்கு வரும். படுக்கையில் படித்து எதுவும் முடிவெடுக்க வேண்டாம். பாதுகாப்பு விஷயம் தவிர எல்லாம் காலைவரை காத்திருக்கும்.

பிரவுசர் வசதிகளுக்குத் தனி வாய்க்காலே வேண்டாம். குரோம் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு விட்டுவந்த வேகத்தையே யாராலும் பின்தொடர முடிந்ததில்லை. ஒரு புது சிஎஸ்எஸ் வசதியைப் பயன்படுத்தலாமா என்று தோன்றும்போது வெப் டெவலப்பர்களின் ஆவணத் தளமான எம்டிஎன் பக்கத்தில் பேஸ்லைன் முத்திரையைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆன பிறகுதான் அது பரவலாகக் கிடைக்கிறது என்ற முத்திரை பெறும். சிக்பேட்டைக் கடையின் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் நான்கு வருடப் பழைய போன்களுக்கு அந்த முத்திரையையே நம்புகிறேன்.

6. பாதுகாப்பு அறிவிப்புக்கு வேறு வேகம்

இங்கே இரண்டு எதிரெதிர் பாடங்கள் உண்டு, இரண்டுமே 2025-ல் நடந்தவை.

செப்டம்பர் 8-ம் தேதி சாக், டீபக் உள்ளிட்ட, உலகம் முழுக்கப் புழங்கும் என்பிஎம் (நோட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) பேக்கேஜ்கள் சிலவற்றில் களவுக் கோடு ஏறியது. அவற்றின் பராமரிப்பாளருக்கு என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில் போயிருந்தது. இரட்டை அடையாளச் சரிபார்ப்பைப் புதுப்பியுங்கள் என்று கேட்டது அந்த மெயில். சுமார் இரண்டு மணி நேரத்தில் நச்சுப் பதிப்புகளை நீக்கினார்கள். அந்த நேரத்தில் ஆசையாக அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே வெளிவந்து சில நாளாவது ஆன பதிப்பையே எடுங்கள். பேக்கேஜ்களை இறக்கும் இன்னொரு கருவியான பிஎன்பிஎம்மில் 10.16-லிருந்து இதற்கென்றே குறைந்தபட்ச வயது வைக்கும் அமைப்பு இருக்கிறது. கிட்ஹப்பில் அப்டேட்களைத் தானாக முன்வைக்கும் டிபெண்டபாட்டில் கூல்டவுன் என்ற பெயரில் உண்டு. நான் ஏழு நாள் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3-ம் தேதி, நம் ஊரில் கார்த்திகை தீபம், வெப் பக்கங்களைக் கட்டும் கருவியான ரியாக்ட்டின் சர்வர் காம்பொனென்ட்ஸில் இருந்த ஓட்டையை அறிவித்தார்கள். தீவிரம் பத்துக்குப் பத்து. 19.0.1, 19.1.2, 19.2.1 ஆகிய பதிப்புகளில் திருத்தம் வந்தது. ரியாக்ட்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ் பயன்படுத்தியவர்களும் மாற்ற வேண்டியிருந்தது. இங்கே ஏழு நாள் காத்திருந்தால் வீடு காலியாகியிருக்கும். அடுத்த வாரமே தொடர்புடைய வேறு ஓட்டைகளுக்காக இன்னொரு சுற்று அப்டேட் வந்தது. ஒருமுறை செய்துவிட்டோம் என்று விட்டவர்கள் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

எப்படிப் பிரிப்பது? இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் லாகின் இல்லாமல் உள்ளே வரலாம் என்ற வகை ஓட்டை நீங்கள் ஓட்டும் பதிப்பில் இருந்தால் அன்றே செய்யுங்கள், கூல்டவுனை அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் தளர்த்துங்கள். மற்றது எதுவானாலும் வரிசையில் வரட்டும். ஓட்டை உள்ள பேக்கேஜ்களைத் தேடும் என்பிஎம் ஆடிட் கட்டளை சிவப்பாகக் கொட்டும் பட்டியலில் பெரும்பாதி, டெவலப்பரின் கணினியில் மட்டும் ஓடும் கருவிகளைப் பற்றியது. அதைப் பார்த்து பதறி ஃபிக்ஸ் ஃபோர்ஸ் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதித்து, ஓடிக்கொண்டிருந்ததை அது உடைத்துவிடும். நான் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் போலி மெயில் கற்றுத்தந்தது இன்னொன்றும் இருக்கிறது. "உங்கள் கணக்கை உடனே புதுப்பியுங்கள்" என்று எந்தச் சேவை மெயில் அனுப்பினாலும் லிங்க்கை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

7. அப்டேட் செய்வதற்கு ஒரு கிழமை

செவ்வாய் காலை பத்தரை. திங்கள் மீட்டிங்கில் போய்விடும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும், சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்க வேண்டும். செவ்வாயில் உடைந்தால் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கிறது.

வாரம் அரை மணி நேரம்: பொது மெயிலைப் பார்த்து, டிபெண்டபாட் திறந்துவைத்த சின்ன அப்டேட்களை ஏற்றுவது. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம்: என்பிஎம் அவுட்டேட்டட் கட்டளை கொடுத்து, பெரிய பதிப்பு மாறியவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து, தனிக் கிளையில் ஏற்றி, சோதித்து, சேர்ப்பது. மூன்று பெரிய பதிப்புகளை ஒரே நாளில் ஏற்றினால், எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆகும்.

எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் கோப்பைக் கண்டிப்பாக கிட்டில் சேருங்கள். சர்வரில் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளையைக் கொடுங்கள், லாக்கில் உள்ளதையே அப்படியே இறக்கும். நோட் பதிப்பையும் என்விஎம்ஆர்சி கோப்பில் எழுதிவையுங்கள். என் லேப்டாப்பில் 24, சர்வரில் 18 என்று இருந்ததுதான் என் ஓசூர் ராத்திரியில் பாதி.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து வியாபாரத் தளங்களில் கை வைக்காதீர்கள். தசரா, தீபாவளி, ஆடித் தள்ளுபடி, கிளையண்டிடம் கேட்டு தேதி வாங்குங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே கெடுக்களைச் சரிபாருங்கள்.

8. புதுக் கருவிகள், மீட்டப்புகள்

புதிதாக ஒன்று வந்திருக்கிறது, எல்லோரும் பேசுகிறார்கள் என்றால் அதன் பெயரைப் பதிவேட்டின் கடைசி ஷீட்டில் தேதியோடு எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்தும் யாராவது அதைப் பற்றிப் பேசினால் ஒரு சனிக்கிழமை மதியம் செலவிடலாம். என் ஷீட்டில் எழுதிய பெயர்களில் பாதியைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் செத்ததைக் கற்றுக்கொண்டு வராதீர்கள். புது ரியாக்ட் புராஜெக்ட் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரி 14-ல் ரியாக்ட் குழுவே அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அதை வைத்தே பாடம் நடத்தும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. சேரும் முன் "புராஜெக்ட் எதுல ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள். கட்டணம் கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

பெங்களூரில் இருப்பதில் ஒரு வசதி, மனிதர்களிடம் நேரில் கேட்கலாம். ஃபாஸ் யுனைடெட் போன்ற திறமூல மென்பொருள் அமைப்புகளின் மீட்டப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும், இலவசம். ஏதாவது நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தால் முன்பதிவு தேவைப்படும், வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்பார். ஆதாரில் உள்ள பெயரிலேயே பதியுங்கள். இனிஷியலை முன்னால் போட்டு பதிந்துவிட்டு, அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தால், கீழே நிறுத்தி மேலே போன் போட்டுக் கேட்டபிறகே விடுவார்கள். நம் ஊர் பெயர்களுக்கே உரிய தொல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் பயணம் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது.

மேடைப் பேச்சைவிட அது முடிந்தபின் கிடைக்கும் அரை மணி நேரம்தான் உபயோகம். பக்கத்து தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்) பை டூ காபி, அதாவது ஒரு காபியை இரண்டாகப் பிரித்து, வாங்கிக்கொண்டு, "நீங்க புது வெர்ஷனுக்கு மாறிட்டீங்களா, எது உடைஞ்சுது?" என்று கேளுங்கள். ரிலீஸ் நோட்ஸில் இல்லாதது அங்கே கிடைக்கும். தமிழில் பேச ஆள் இல்லாமல் போகாது.

9. வேலையை விட்டுப் போகும்போது

நோட்டீஸ் கொடுத்த வாரமே பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயரும் மெயிலும் உள்ள வரிகளை வடிகட்டுங்கள். ஒவ்வொன்றையும் இன்னொருவர் பெயருக்கு மாற்றி, அவரை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். "ஆக்சஸ் கொடுத்துட்டேன்" என்பது போதாது, அவர் லாகின் செய்து காட்ட வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு உங்கள் போனில் இருந்தால் அதை மாற்றுவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், மீட்புக் குறியீடுகளை பாஸ்வேர்டு மேனேஜரில் போடுங்கள். வரப்போகும் ஆறு மாதத்தின் கெடுக்களைத் தனி மெயிலாக மேலாளருக்கு அனுப்பி, பொது முகவரிக்கும் நகல் வையுங்கள்.

அவசரத்துக்கு எப்போதாவது உங்கள் சொந்தக் கார்டைக் கொடுத்திருந்தால் அதைக் கழற்றுங்கள். கழன்றுவிட்டதா என்று அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டிலும் பாருங்கள். எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது.